செப்பனிடுதலும் இட்டுநிரப்புதலும்

பழுதுற்ற ஒன்றைச் செப்பனிடுதல் வேறு; பழுதுற்ற இடத்திலே தன் ஊகத்தை இட்டுநிரப்புதல் வேறு. இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும். வேலை முடிந்தபின் இரண்டிலும் இடைவெளி மறைந்துவிடுகின்றது. பார்ப்பவர் மனம் நிறைவடைகின்றது. ஆனால் முன்னையது இருந்ததை மீட்கின்றது. பின்னையது இல்லாததை இருந்ததாகக் காட்டுகின்றது. ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்துப் பதிப்பிப்போர் இவ்வேறுபாட்டை நன்குணர்வர். செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரைப் படிப்பவர் நம்பலாம். அவ்விடத்தில் தாமே ஓரடியை யாத்துச் சேர்ப்பவரை நம்புதல் அரிது. கணினியிலே ஒரு சிறிய கோப்புச் சிதைந்துபோகுமிடத்தும் இதே வினா எழுகின்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அனுப்புவதற்கான எப்.ரி.பி. என்னும் நெறிமுறையின் முதல் வரைவை, மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த அபய் பூஷண் 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்டார். ஜொன் பொஸ்டலும் ஜொய்ஸ் ரெய்னோல்ட்சும் 1985 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதனைத் திருத்தமுற வகுத்தனர். இந்நெறிமுறையைக் கையாளும் மென்பொருள்களுட் பெரிதும் அறியப்பட்டது பைல்சில்லா ஆகும். ஜேர்மனியரான ரிம் கொசே என்பவர், தம்முடன் கற்ற இருவரோடு சேர்ந்து, 2001 ஆம் ஆண்டிலே வகுப்புச் செயற்றிட்டமாக இதனைத் தொடங்கினார். மாணவர் முயற்சியாகப் பிறந்த இம்மென்பொருளை இன்று இணையத்தளங்களைப் பேணுவோர் உலகெங்கும் பயன்படுத்துகின்றனர். இதனை விலையின்றிப் பெறலாம்.

இம்மென்பொருள் தன் நினைவுகளை ஒரே இடத்திலே திரட்டி வைப்பதில்லை. அவற்றை வகைப்படுத்திப் பல கோப்புகளிலே எழுதிவைக்கின்றது. ‘பைல்சில்லா’ என்னும் பெயர்கொண்ட கோப்பு, எழுத்தின் அளவு, ஒரே வேளையில் எத்தனை கோப்புகளை அனுப்பலாம் என்பன போன்ற பொது அமைப்புகளைத் தாங்கியிருக்கும். ‘சைட்மனேஜர்’ என்னும் கோப்பு, பயன்படுத்துவோர் சேமித்துவைத்த சேவையகங்களின் முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தாங்கியிருக்கும். அண்மையில் விரைந்து தொடுத்த சேவையகங்களுக்கு ஒரு கோப்பும், நம்பத்தக்கவை என ஏற்றுக்கொண்ட சான்றிதழ்களுக்கு ஒரு கோப்பும் தனித்தனியே உள்ளன. விண்டோஸ் கணினிகளில் இவை யாவும் பயனரின் ‘அப்டேற்றா’ என்னும் மறைகோப்புறைக்குள்ளே அடங்கியுள்ளன. நாள்தோறும் பயன்படுத்துவோருட் பெரும்பாலார் இக்கோப்புறையை ஒருநாளேனும் திறந்து பார்த்திருக்கமாட்டார். சிதைவு நேரும்போதுதான் அவ்வழி தேடப்படுகின்றது.

மேற்கூறிய கோப்புகள் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுவன. 1998 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆந் திகதி விதந்துரைக்கப்பட்ட இக்குறிமொழியின் இலக்கணம் மிகக் கண்டிப்பானது. திறந்த குறி ஒவ்வொன்றும் மூடப்படல் வேண்டும். பிந்தித் திறந்தது முந்தி மூடப்படல் வேண்டும். இவ்விதியில் ஓரெழுத்துப் பிறழினும், படிக்கும் நிரல் தன் பணியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடல் வேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் ஆணை. இணையப் பக்கங்களை எழுதுதற்குரிய எச்.ரி.எம்.எல். மொழியின் நிலை வேறு. அதிலே பிழை இருப்பினும், உலாவி தனக்குத் தோன்றியவாறு பொருள்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். பக்கமொன்றைக் காட்டுவதற்கு அத்தகைய தாராளம் தகும். ஆனால் ஒருவரின் கடவுச்சொல்லை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை ஊகத்தால் முடிவுசெய்யும் நிரலை எவர்தாம் விரும்புவர்? ஆதலின், சிதைந்த கோப்பைப் படிக்க மறுப்பது குறையன்று. அது காவல் எனலே பொருந்தும்.

2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் மின்வெட்டு நாளாந்த நிகழ்ச்சியாயிற்று. பங்குனி மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அக்காலத்திலே ஊர் நூலகமொன்றில் உதவியாளராகப் பணியாற்றிய ஒருவர், தம் கடமைக்கு அப்பாற் சில சிறு அமைப்புகளின் இணையத்தளங்களையும் ஊதியமின்றிப் பேணிவந்தார். கோயிலொன்றின் தளம், பழைய மாணவர் சங்கத்தின் தளம், நின்றுபோன ஊர்ச் சஞ்சிகையொன்றின் இதழ்களைப் படமாக்கி வைத்திருந்த தளம் என 11 சேவையகங்களின் விபரங்கள் அவருடைய கணினியில் இருந்தன. அவற்றுள் ஊர்ச் சஞ்சிகையின் தளத்தை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் செலவிலே அமைத்துக் கொடுத்திருந்தார். அதன் கடவுச்சொல்லை வகுத்தவரும் அவரே. அவர் முந்திய ஆண்டிலே காலமாகிவிட்டார். அக்கடவுச்சொல் எழுதப்பட்டிருந்த இடம் உலகிலே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அது நூலகத்தின் மூலையில் இருந்த அந்தப் பழைய கணினி.

ஒருநாள் பிற்பகல், அறிவிக்கப்பட்ட நேரத்திற்கு முன்னரே மின்சாரம் நின்றது. இரவு மின்சாரம் மீண்டபோது கணினி எழுந்தது, பைல்சில்லாவும் திறந்தது. ஆனால் கோப்பை ஏற்ற முடியவில்லை என்றும், அது இலக்கணம் வழுவாத எக்ஸ்.எம்.எல். தானா எனப் பார்க்குமாறும் ஓர் அறிவித்தல் தோன்றியது. சேவையகங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது.

இத்தகைய வேளையில் அறிந்தோரும் அறியாதோரும் ஒருங்கே கூறும் மருந்து, மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுதல் என்பதாகும். நூலக உதவியாளருக்கும் அவ்வறிவுரையே கிடைத்தது. அவர் அவ்வாறே செய்தார். அதே அறிவித்தல் மீண்டுந் தோன்றியது. இதன் காரணம் எளிது. மென்பொருள் இருக்கும் இடம் வேறு, அதன் நினைவுக் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. வீட்டை இடித்துக் கட்டினாலும், அயல்வீட்டுப் பெட்டகத்தில் வைத்த உறுதிப்பத்திரம் அப்படியே இருக்குமன்றோ? மீள நிறுவுதலால் அவருக்குப் பயன் விளையவில்லை. நல்வாய்ப்பாகத் தீங்கும் விளையவில்லை.

செப்பனிடுவோர் முதற்கண் செய்யவேண்டியது திருத்தம் அன்று, படியெடுத்தல். மென்பொருளை மூடிவிட்டு, கோப்புறை முழுவதையும் வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். மூடாதிருப்பின், மென்பொருள் தன் வெறும் அமைப்புகளைப் பழைய கோப்பின்மீது எழுதிவிடக் கூடும். மூலத்தைத் தொடாமற் படியிலே வேலைசெய்வோருக்குத் தவறு நேரினும் மீண்டுந் தொடங்க இடமுண்டு. மூலத்திலேயே கைவைத்தவருக்கு அவ்விடமில்லை. உதவியாளர் இரண்டு விரலிகளிலே அக்கோப்புறையைப் படியெடுத்தார். பின்னரே கோப்புகளை நோட்பேட் என்னும் எளிய எழுதியிலே திறந்து நோக்கினார்.

பொது அமைப்புக் கோப்பு, அளவிலே முன்போலவே இருந்தது. ஆனால் உள்ளே எழுத்து ஒன்றுமில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை சுழியப் பைட்டுகளே நிரம்பியிருந்தன. மின்தடைக்குப் பின்னர் இவ்வாறு நேர்வதற்குத் தக்க காரணம் உண்டு. கோப்பை எழுதி முடித்தோம் என மென்பொருள் கருதும் வேளையிலே, எழுத்துகள் உண்மையில் நினைவகத்திலே காத்திருக்கக் கூடும், வன்தட்டைச் சென்றடைந்திருக்கமாட்டா. விண்டோசின் கோப்பு முறைமை, கோப்பின் பெயரையும் நீளத்தையும் பற்றிய பதிவுகளைக் காக்கின்றதே தவிர, உள்ளடக்கத்தை அவ்வாறு காப்பதில்லை. ஆகவே இடையிலே மின்சாரம் நிற்குமாயின், இவ்வளவு நீளமான கோப்பு உண்டு என்னும் குறிப்பு மட்டும் பதிவாகி, உள்ளீடு பதிவாகாமற் போகலாம். சங்கு வாயிலில் இருக்க வீடு வெறிதாய்க் கிடந்ததற்கு இதனை ஒப்பிடலாம். இத்தகைய கோப்பிலிருந்து எதையும் மீட்க இயலாது. மீட்க முயல்வதும் வீண்.

எனினும் இவ்விழப்புப் பெரிதன்று. அக்கோப்பைப் பெயர்மாற்றி ஒதுக்கிவைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால், அது இயல்பான அமைப்புகளுடன் புதிய கோப்பொன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். எழுத்தின் அளவையும் பிறவற்றையும் மறுபடியும் தெரிவுசெய்யச் சில நிமிடங்கள் செல்லும், அவ்வளவே. செப்பனிடத் தெரிதலைப் போலவே, எதனைச் செப்பனிட வேண்டியதில்லை எனத் தெரிதலும் வேண்டும்.

சேவையகங்களைத் தாங்கிய சைட்மனேஜர் கோப்பின் நிலை வேறு. அதுவுஞ் சுழியங்களால் நிரம்பியிருந்தது. ஆனால் அதன் அருகே, அதே பெயரின் ஈற்றில் அலைக்குறி ஒன்று சேர்ந்த இன்னொரு கோப்பு இருந்தது. புதிதாக எழுதத் தொடங்குமுன் பழையதற்கு ஒரு படியெடுத்து வைப்பதும், எழுதி முடித்தபின் அப்படியை அழிப்பதும் பைல்சில்லாவின் வழக்கம். மின்சாரம் இடையிலே நின்றமையால் அப்படி அழிக்கப்படாது எஞ்சியது. அதுவும் முழுமையாக இல்லை. முதல் 7 பதிவுகள் பழுதின்றி இருந்தன. 8 ஆவது பதிவு பாதியிலே முறிந்திருந்தது. அதன்பின் ஒன்றுமில்லை.

முறிந்த கோப்பைச் செப்பனிடுதல், அதன் அமைப்பை விளங்கிக்கொண்டோருக்குக் கடினமன்று. எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்பது ‘பைல்சில்லா3’ என்னும் குறி. அதனுள்ளே ‘சேர்வர்ஸ்’ என்னும் குறி. அதனுள்ளே ஒவ்வொரு சேவையகத்திற்கும் ஒரு ‘சேர்வர்’ குறி. அதற்குள் முகவரிக்கு ‘ஹோஸ்ட்’, வாயில் எண்ணுக்கு ‘போர்ட்’, பயனர்பெயருக்கு ‘யூசர்’, கடவுச்சொல்லுக்கு ‘பாஸ்’ எனச் சிறு குறிகள். இடையில் முறிந்த கோப்பில் எவையெவை திறந்தபடி நிற்கின்றன எனக் கணக்கிட்டு, உள்ளிருந்து வெளியாக ஒவ்வொன்றையும் மூடிக்கொண்டு வருதல் வேண்டும். உதவியாளர் முதலில் 8 ஆவது பதிவைத் தனியே வெட்டி எடுத்து வைத்தார். பின்னர் 7 ஆவது பதிவின் முடிவிலே, திறந்து நின்ற ‘சேர்வர்ஸ்’, ‘பைல்சில்லா3’ ஆகிய இரண்டையும் முறையே மூடினார். மென்பொருள் கோப்பை ஏற்றுக்கொண்டது. 7 தளங்களும் பட்டியலிலே மீண்டன.

கையாற் செப்பனிடுவோர் மனங்கொள்ளவேண்டிய இரண்டு நுட்பங்கள் இங்கே குறிப்பிடத்தக்கன. பெயரிலோ கடவுச்சொல்லிலோ ‘உம்மை’க்குரிய ஆங்கிலக் குறி வருமாயின், அதனை எக்ஸ்.எம்.எல். விதித்த மாற்றுருவிலே எழுதல் வேண்டும். அப்படியே எழுதினால் கோப்பு மறுபடியும் வழுவுடையதாகும். மற்றது எழுத்துக்குறியீடு பற்றியது. இக்கோப்பு யூ.ரி.எப்.-8 என்னும் முறையிலே எழுதப்படுவது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும். தளங்களுக்குத் தமிழிலே பெயரிட்டு வைத்தவர், கோப்பைத் திருத்தியபின் பழைய குறியீட்டு முறையிற் சேமிப்பாராயின், அப்பெயர்கள் யாவும் வினாக்குறிகளாக மாறிவிடும். பழுதுபார்க்கப் புகுந்தவரே புதுப்பழுதுக்குக் காரணராதல் இவ்வாறுதான்.

அழிந்துபோன கடைசி 3 பதிவுகளையும் வேறு சான்றுகளைக் கொண்டு தேடவேண்டியிருந்தது. ஒரு சுவடியிலே இல்லாத பாடலை வேறு சுவடிகளில் தேடுவது போன்றதே இம்முயற்சி. அண்மையில் விரைந்து தொடுத்தவற்றின் கோப்பிலே இரண்டின் முகவரியும் பயனர்பெயரும் கிடைத்தன. மூன்றாவதன் முகவரி, நம்பத்தக்க சான்றிதழ்களின் கோப்பிலே வாயில் எண்ணுடன் பதிந்திருந்தது. அதன் பயனர்பெயரைச் சங்கத்தின் பழைய மின்னஞ்சல் ஒன்று தந்தது. ஒவ்வொன்றுக்கும் சான்று இருந்தது. சான்றில்லாத ஒன்றும் சேர்க்கப்படவில்லை.

எஞ்சியது 8 ஆவது பதிவு. அதுவே காலஞ்சென்ற ஆசிரியரின் சஞ்சிகைத் தளம்.

அப்பதிவிலே முகவரி இருந்தது, வாயில் எண் இருந்தது, பயனர்பெயர் இருந்தது. ‘பாஸ்’ என்னும் குறிக்குள் 8 எழுத்துகள் வந்ததும் கோப்பு முறிந்திருந்தது. பைல்சில்லா கடவுச்சொல்லைப் பேஸ்64 என்னும் உருவிலே எழுதுகின்றது. இது மறைகுறி அன்று, எழுத்துருவின் மாற்றமே. 3 பைட்டுகளை 4 எழுத்துகளாக்கும் இம்முறையை எவரும் எளிதில் மீளமாற்றலாம். 8 எழுத்துகளை மாற்றியபோது 6 எழுத்துகள் கொண்ட ஆங்கிலத் துண்டொன்று கிடைத்தது. இங்கே ஒரு பொறி மறைந்துள்ளது. நான்கின் மடங்காக முறிந்த பேஸ்64 சரம், முறிந்தது என்னும் தடயத்தைக் காட்டாது. முழுமையானது போலவே மாறிவரும். மூடுகுறி இல்லாமை ஒன்றே அது முழுமையெனக் கொள்ளத்தகாதது என்பதற்குச் சான்று.

அந்த 6 எழுத்துகளும் ஆசிரியர் பிறந்த ஊரின் பெயருடைய தொடக்கமாக இருந்தன. அவரை அறிந்தவருக்கு எஞ்சியதை ஊகித்தல் எளிது. ஊர்ப்பெயரை முடித்து, பிறந்த ஆண்டைச் சேர்த்தால் முழுச்சொல் ஆகலாம். மகளின் பெயரைச் சேர்த்தாலும் ஆகலாம். அருகிருந்த நண்பர்கள் அவ்வாறே ஊகங்களைக் கூறினர். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் ஒன்றேனும் திறவாதா என்பது அவர்களின் வாதம்.

உதவியாளர் அதற்கு இணங்கவில்லை. பிழையான கடவுச்சொல் பலமுறை வருமாயின், வந்த முகவரியைத் தடைசெய்துவிடும் ஏற்பாடு சேவையகங்கள் பலவற்றில் உண்டு. இது நடைமுறைக் காரணம். அவர் கூறிய மற்றொரு காரணம் இதனினும் ஆழமானது. ஊகத்தால் எழுதிய சொல் கோப்பிலே ஏறிவிட்டால், நாளை அதனைப் பார்ப்பவர் அது ஆசிரியர் வகுத்த சொல் என்றே கொள்வார். கிடைத்தது எவ்வளவு, கூட்டியது எவ்வளவு எனப் பிரித்தறிய வழியிராது. திறக்காத கதவுக்கு முன்னே, பொய்யான திறவுகோலை மெய்யானதெனப் பெயரெழுதி மாட்டிவைப்பதாக அது முடியும்.

அவர் செய்தது இது. பதிவில் முகவரியையும் வாயில் எண்ணையும் பயனர்பெயரையும் கிடைத்தவாறே வைத்தார். ‘பாஸ்’ குறியை முழுவதும் நீக்கினார். நுழைவு வகையைக் குறிக்கும் ‘லொகன்ரைப்’ என்பதன் எண்ணை 1 இலிருந்து 2 ஆக மாற்றினார். 1 என்பது சேமித்த கடவுச்சொல்லைப் பயன்படுத்துக என்பதைக் குறிக்கும். 2 என்பது ஒவ்வொரு முறையும் பயனரைக் கேட்க என்பதைக் குறிக்கும். முறிந்த 6 எழுத்துகளையும் வேறொரு தாளிலே, இது முழுமையன்று என்னும் குறிப்புடன் எழுதிவைத்தார். கோப்பு வழுவின்றித் திறந்தது. 11 தளங்களும் பட்டியலில் இருந்தன. ஒன்று மட்டும் தனக்குக் கடவுச்சொல் தெரியாது என்பதை ஒளிக்காமற் கேட்டு நின்றது. சுவடிப் பதிப்பிலே இடப்படும் புள்ளிகளுக்கு ஒப்பானது அந்த எண் 2.

அதன்பின் அவர் ஆசிரியரின் குடும்பத்தாரிடஞ் சென்றார். மகள் ஒப்பமிட்ட கடிதமும் இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் சேவையகத்தை வழங்கிய நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. மூன்று வாரங்களின் பின் புதிய கடவுச்சொல் வந்தது. புகுந்து பார்த்தபோது சஞ்சிகையின் இதழ்கள் யாவும் இருந்தன. ஆண்டுக் கட்டணம் முடிய 19 நாட்களே எஞ்சியிருந்தன. அத்தளம் மறைந்திருப்பின் அவ்வூரார் இழந்திருக்கக்கூடியது ஒரு கடவுச்சொல் மட்டுமன்று. பழைய கடவுச்சொல்லின் எஞ்சிய எழுத்துகள் எவை என்பது இன்றுவரை தெரியவில்லை. அதனைத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவையும் எழவில்லை.

இவ்வனுபவத்திலிருந்து பெறப்படுவன சில உள. சிதைந்த சைட்மனேஜர் கோப்பைத் திருத்தித் தருமாறு அறியாதவரிடம் கொடுத்தலும், பிழைகாட்டும் இணையத்தளங்களில் ஏற்றிப் பார்த்தலும் தகா. அதிலுள்ள கடவுச்சொற்கள் திறந்த ஓலைபோன்றவை. 2017 ஆம் ஆண்டிற் பைல்சில்லாவிலே சேர்க்கப்பட்ட தலைமைக் கடவுச்சொல் வசதியை ஏற்றுக்கொண்டோருக்கு அவ்வச்சம் குறையும். ஆனால் தலைமைச் சொல்லை மறந்தவருக்கு மீட்சி இல்லை. மென்பொருளின் கோப்புப் பட்டியிலுள்ள ஏற்றுமதி என்னுங் கட்டளையாற் பதிவுகள் யாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, வேறோரிடத்திற் காத்தல் சில நொடிகளில் முடியும் வேலை. பலர் பேணும் பொதுச்சொத்தின் திறவுகோல் ஒருவரின் கணினியில் மட்டும் இருத்தல் எவ்வகையிலும் பொருந்தாது.

மனிதரின் நினைவுகள் பெருமளவிற் கோப்புகளாக மாறிவரும் இக்காலத்தில், சிதைவு என்பது கறையானாலும் மழையாலும் மட்டும் வருவதன்று. மின்சாரத்தின் ஒரு கணநேரத் தடையாலும் வரும். சிதைந்ததைச் செப்பனிட முனைவோரிடம் வேண்டப்படுவது கைத்திறன் மாத்திரமன்று. கிடைத்ததைக் கிடைத்தவாறு வைத்தல், கிடைக்காததைக் கிடைக்கவில்லை எனக் குறித்தல், உரியவரைத் தேடிச் சென்று கேட்டல் ஆகிய மூன்றும் வேண்டப்படும். ஓலையிலே எழுதிய காலத்திலும் இவையே வேண்டப்பட்டன. எழுதும் பொருள் மாறிய பின்னரும் இவை மாறவில்லை.